வியன்னாவில் ஒரு 'சைலன்ஸர்'!

ஐ.வி. போயிருக்கீங்களா? அதாங்க, இண்டஸ்ட்ரியல் விசிட்! ஃபேக்டரியை அரை மணி நேரம் எட்டிப் பார்த்துட்டு, மிச்ச ரெண்டரை நாளும் ஊட்டியிலயோ கொச்சியிலயோ ஆட்டம் போடுவோமே, அதேதான். அதை அப்படியே தலைகீழாக் கவிழ்த்தா எங்க டூர்! ஒன்பது நாள், அஞ்சு கச்சேரி, தினம் ரிகர்சல், தினம் பஸ். நடுவுல ஒரே ஒரு நாள்தான் லீவு. 2024 ஜூன்ல, அந்த ஒரு நாள் எங்கே வந்து விழுந்தது தெரியுமா? ஆஸ்திரியாவின் தலைநகரம்... மொசார்ட்டும் பீத்தோவனும் ஷூபர்ட்டும் நடந்து திரிஞ்ச வியன்னாவில!

'ஆர்க்கெஸ்ட்ரா'ன்னதும் கல்யாண ரிசப்ஷன்ல ஸ்பீக்கர் கிழியப் பாடற லைட் மியூசிக் கோஷ்டின்னு நினைச்சுடாதீங்க. எங்க அத்தையே அப்படித்தான் நினைச்சு, 'வெளிநாட்டுல கூட முகூர்த்தம் உண்டா?'ன்னு கேட்டாங்க. இது வேற. வயலின், செல்லோ, கிளாரினெட், டிரம்பெட்னு 45 பேர் உட்கார்ந்து, முன்னாடி ஒருத்தர் குச்சியை ஆட்ட, பேப்பர்ல இருக்கிறதைப் பிசகாம வாசிக்கிற மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா. எல்லாரும் 25 வயசுக்குக் கீழே. அடியேன் அதில் வியோலா. வயலினுக்கு அண்ணன் முறை. உடம்பு கொஞ்சம் பெருசு, குரல் கொஞ்சம் கட்டை. மாமியார் ஜோக் மாதிரி வியோலா ஜோக்னு தனி ரகமே உலகம் பூரா ஓடிட்டு இருக்குன்னா, எங்க மரியாதையை நீங்களே புரிஞ்சுக்கலாம்!

அந்த ஒரு பார்

உடனே கண்ணு விரியக் கூடாது. அந்த பார் இல்லை! இசையில் தாளத்தோட ஒரு கட்டத்துக்குப் பேர்தான் பார்.

லீவுக்கு முந்தின ராத்திரி, ஊர் ஓரத்துல ஒரு பழைய சர்ச்ல கச்சேரி. ஷூபர்ட்டோட 'முடிவுறாத சிம்பொனி' வாசிச்சோம். 1822-ல் அவர் எழுதத் தொடங்கி, ரெண்டு பாகத்தோட விட்டுட்ட சிம்பொனி. அதன் முதல் பாகத்துல செல்லோக்கள் ஒரு மெட்டு வாசிக்கும் பாருங்க, ஒரு தடவை கேட்டா குளிக்கும்போது முணுமுணுப்பீங்க. அவங்க அப்படி உருகும்போது அடியில எதிரடித் தாளம் பிடிக்கிறது கிளாரினெட்டும் வியோலாவும். எங்க பொழைப்பே அதுதான். அப்புறம் வயலின்கள் அந்த மெட்டை வாங்கிப் பாடிட்டே வந்து, பாதி வாக்கியத்துல சட்டுனு நின்னுடும். ஒரு முழு பார் நிசப்தம். மூணு எண்ணிக்கை. அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் இடி மாதிரி இறங்கணும்.

அந்த மூணு எண்ணிக்கைக்குள்ள, ஒரே ஒரு வியோலா மட்டும் தனியா ஒலிச்சுது.

அது நான்தான்.

சர்ச்னா கல் சுவர், கல் தரை, அண்ணாந்து பார்க்கிற உயரத்துல கூரை. போட்ட சத்தம் சீக்கிரம் சாகாது. என் தப்பு கூரைக்குப் போய், தூண்ல மோதி, இடி இறங்கற வரைக்கும் உசிரோட சுத்திக்கிட்டே இருந்தது.

கண்டக்டர் சார் கடைசி டெஸ்க்கை ஒரு பார்வை பார்த்தார். அங்கே ரெண்டு பேர். நானும் என் பார்ட்னரும். ஒரே ஸ்டாண்ட், ஒரே நோட்ஸ். பக்கம் புரட்டறது அவன் வேலை. மூணு நாள் முன்னாடி ரிகர்சல்ல, இதே இடத்துல, இதே தப்பைப் பண்ணினவன் அவன். அதனால யாரும் விசாரணைக் கமிஷன் எல்லாம் வைக்கலை. பஸ் ஏறினதுமே தீர்ப்பு வந்துடுச்சு. 'நிசப்தத்துல சத்தம் போட்ட மகராசா... இனிமே உன் பேர் சைலன்ஸர்!' பஸ்ஸே குலுங்கிச் சிரிச்சுது. அவனும் சிரிச்சான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். வெளியே இருட்டுல ஒண்ணுமே தெரியலை. ஆனாலும் ஹாஸ்டல் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்தேன்.

கண்டக்டர் இல்லாத டிராம்

லீவு நாள் சட்டதிட்டங்கள் மூணுதான். வாத்தியங்களை ஒரே ரூம்ல வெச்சுப் பூட்டணும். மூணு பேருக்குக் குறையாம சேர்ந்து போகணும். ராத்திரி 11 மணிக்குள்ள ஹாஸ்டல் திரும்பணும். எங்க மூணு பேர் யார்? நான், பார்ட்னர், எங்க வியோலா செக்ஷன் லீடர் அக்கா. இதைவிட வில்லங்கமான கூட்டணி எனக்கு அமைஞ்சிருக்காது!

நீங்க வியன்னா போனா முதல்ல ஒரு 24 மணி நேர டிக்கெட் வாங்குங்க. டிராம், பஸ், மெட்ரோ எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். டிராம்ல கண்டக்டர் கிடையாது, ஸ்டேஷன்ல கேட் கிடையாது. 'அப்புறம் எதுக்கு டிக்கெட்?'னு உங்க மூளை ஓடும், எனக்கும் ஓடுச்சு. மஃப்டியில செக்கர் வருவார். மாட்டினா அபராதம் 100 யூரோவுக்கு மேல. பேப்பர் டிக்கெட்டை மெஷின்ல ஒரு தடவை முத்திரை குத்த மறந்தாலும் அதே கதிதான்.

பழைய நகரத்தைச் சுத்தி ரிங் ரோடு மாதிரி ஒரு அகலமான சாலை. பேரே ரிங்ஸ்ட்ராஸே. நீளம் 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அங்கே முன்னாடி கோட்டைச் சுவர் இருந்தது. 1857-ல் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் அதை இடிக்கச் சொல்லி, அந்த இடத்துல சாலை போட்டு 1865-ல் திறந்தார். பார்லிமென்ட், டவுன் ஹால், பல்கலைக்கழகம், ஆபரான்னு பெரிய கட்டடங்கள் எல்லாம் அதை ஒட்டியே வரிசை கட்டி நிக்குது. டிராம் ஜன்னல் சீட் கிடைச்சா பாதி ஊரை உட்கார்ந்த இடத்துலயே பார்த்துடலாம்.

தங்க ஹாலில் ஒரு கைதட்டல்

காலையில் முதல் ஸ்டாப் மியூசிக்ஃபெரைன். ஜனவரி 1 அன்னிக்கு டி.வி-யில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோட புத்தாண்டுக் கச்சேரி பார்த்திருக்கீங்களா? பூவா கொட்டிக் கிடக்கும், சுவரெல்லாம் தங்கமா மின்னும். அந்த ஹால்தான்! 'நீங்க அங்கேதானே வாசிச்சீங்க?'ன்னு ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டாங்க. இல்லைங்க. நாங்க டிக்கெட் வாங்கி, கைடு பின்னாடி வரிசையாப் போய் அண்ணாந்து பார்த்துட்டு வந்தோம். அவ்வளவுதான்!

ஆனா அந்த அண்ணாந்து பார்த்தலே ஒரு செமஸ்டர் பாடம். ஹால் சுமார் 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். அப்படியே ஒரு ஷூ டப்பா! பக்கவாட்டுச் சுவர்கள் நெருக்கமா இருக்கிறதால, சத்தம் உடனே பட்டுத் திரும்பி ரெண்டு காதையும் நிறைக்குது. தங்கம் பூசின பெண் சிலைகள், பால்கனி, கூரைச் செதுக்கல் எல்லாம் வெறும் பந்தா இல்லை. அந்த மேடு பள்ளம்தான் சத்தத்தை நாலா பக்கமும் சிதறடிக்குது. மரத் தரைக்கு அடியில் வெற்றிடம். கூரையோ மேலேயிருந்து தொங்குது. அதாவது, நீங்க உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெரிய வயலின் பெட்டிக்குள்ள!

இதைக் கட்டினவர் தியோஃபில் ஹான்சன். திறந்தது 1870-ல். ஒரு ஹாலில் சத்தம் எவ்வளவு நேரம் தங்கும்னு கணக்குப் போட சூத்திரம் வந்ததே அதுக்கப்புறம்தான். ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன் 1890-களின் கடைசியில் கண்டுபிடிச்சார். ஹாலோட கன அளவை, சத்தத்தை உறிஞ்சற பரப்பால வகுத்து, 0.161-ஆல பெருக்கு... முடிஞ்சுது. சத்தம் பத்து லட்சத்துல ஒரு பங்காத் தேய எத்தனை செகண்ட் ஆகும்னு வந்துடும். அந்தச் சூத்திரம் பிறக்கிறதுக்கு முன்னாடியே ஹான்சன் கட்டின இந்த ஹாலில், கூட்டம் நிறைஞ்சிருக்கும்போது அந்தக் கணக்கு சுமார் ரெண்டு செகண்ட். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அளந்து தைச்ச சட்டை மாதிரி!

கைடு அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து, பார்ட்னர் ஒரே ஒரு தடவை கையைத் தட்டினான். 'டப்'. அந்தச் சத்தம் அழகா விரிஞ்சு, மெதுவா அடங்கிச்சு. 'நேத்து நம்ம சர்ச் இதைவிட ரெண்டு மடங்கு இருக்கும் இல்ல?'ன்னு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான். நான் சபைன் சூத்திரத்தை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டேன். கன அளவு, பரப்பு, 0.161... எந்த இடத்துலயும், யார் தப்பு பண்ணினதுன்னு ஒரு டேர்ம் இல்லை. நிம்மதியும் இல்லை.

இன்னொரு விஷயம் சொல்றேன். 'முடிவுறாத சிம்பொனி'யின் கையெழுத்துப் பிரதி, அதாவது ஷூபர்ட் தன் கையாலேயே எழுதின தாள், இதே கட்டடத்தின் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கு. அவர் போனது 1828-ல், 31 வயசுல. அந்த சிம்பொனியை அவர் ஒரு தடவை கூட ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்டதில்லை. நண்பர் ஒருத்தர்கிட்ட முடங்கிக் கிடந்த நோட்டு வெளியே வந்து, இந்த வியன்னாவிலேயே முதன்முறையா வாசிக்கப்பட்டது 1865 டிசம்பர் 17. எழுதி 43 வருஷம் கழிச்சு! இதைப் படிச்சுச் சொன்னது அக்கா. அப்ப என் காதுக்கு வேற ஏதோ கேட்டுச்சு. எழுதினவரே கேட்காத அந்த நிசப்தத்தை, அவர் ஊருக்கே வந்து, நான் உடைச்சிருக்கேன்.

'விக்' மொசார்ட்டுகள் ஜாக்கிரதை

அங்கேயிருந்து ஆபரா வரைக்கும் நடை. ரோட்டுல சிவப்புக் கோட்டு, வெள்ளை விக்கோட நாலஞ்சு மொசார்ட் நிப்பாங்க. கையில ஒரு ஃபைல். டூரிஸ்ட்டுகளுக்குக் கச்சேரி டிக்கெட் விக்கிறவங்க. ஒரு மொசார்ட் எங்களை விடாம துரத்தினார். 'அண்ணே, நாங்களே நேத்துதான் வாசிச்சோம்'னு பார்ட்னர் இங்கிலீஷில் சொல்ல, அவர் 'அப்படியா, எப்படிப் போச்சு?'ன்னு கேட்டுட்டார். பார்ட்னர் என்னைக் கைகாட்டி, 'எங்க சோலோயிஸ்ட் இவர்தான்'னான். அக்கா அதை ஜோக்னு நினைச்சுச் சிரிச்சாங்க.

ஆபராவுக்குப் பின்னாடி, சாக்லேட் கேக்குக்குப் பேர்போன ஒரு ஹோட்டல் இருக்கு, சாக்கர். அந்த இடத்துல முன்னாடி ஒரு தியேட்டர் இருந்தது. பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி முதல் தடவை அரங்கேறினது அங்கேதான், 1824 மே 7-ல். அப்ப அவருக்குக் காது சுத்தமாக் கேட்காது. ஜனங்க கைதட்டினதும் தெரியலை. பாடகி ஒருத்தர் அவரைத் திருப்பி நிறுத்தினதும்தான் கூட்டத்தைப் பார்த்திருக்கார். கேக் விலையைப் பார்த்துட்டு நாங்க திரும்பி நிக்க யாரும் உதவ வேண்டியிருக்கலை!

அடுத்து ஊர் நடுவுல ஸ்டெஃபான்ஸ்டோம் கதீட்ரல். மொசார்ட் 1782-ல் கல்யாணம் பண்ணிக்கிட்ட கோயில். தெற்குக் கோபுரம் 136 மீட்டர். 343 படி ஏறினா ஊர் மொத்தமும் கீழே கிடக்கும். படி எல்லாம் சுருள் சுருளா, எதிர்ல ஆள் வந்தா சுவரோட ஒட்டிக்கணும். பார்ட்னர் 343-யும் எண்ணிக்கிட்டே ஏறினான். மேலே போய் மூச்சு வாங்கிட்டே சொன்னான்: 'பார்றா... நான் ஒழுங்கா எண்ணுவேன்!' அவன் எதை மனசுல வெச்சுச் சொன்னான்னு எனக்குத் தெரியும்.

71-ம் நம்பர்

மத்தியானம் நாஷ்மார்க்ட் சந்தையில ஃபலாஃபல். வெஜிடேரியன் தோழர்களே, வியன்னாவில் உங்க குலதெய்வம் அதுதான்! அப்புறம் ஆபரா பக்கத்துலயே 71-ம் நம்பர் டிராம் ஏறினோம். அந்த ஊர்ல 'அவர் 71-ல ஏறிட்டார்'னு சொன்னா, ஆள் காலின்னு அர்த்தம். ஏன்னா அது போய்ச் சேர்றது சென்ட்ரல்ஃப்ரீட்ஹோஃப். 1874-ல் திறந்த மத்தியக் கல்லறைத் தோட்டம். இரண்டரைச் சதுர கிலோமீட்டர். அடக்கமானவங்க சுமார் 30 லட்சம் பேர். ஊர்ல உசிரோட இருக்கிறவங்களோ சுமார் 20 லட்சம்தான்!

ரெண்டாம் நம்பர் கேட்ல இறங்கி, நேரா கொஞ்ச தூரம் நடந்தா இடது பக்கம் 32ஏ. இசை மேதைகளுக்குன்னே ஒதுக்கின இடம். நடுவுல மொசார்ட்டுக்கு நினைவுச் சின்னம் மட்டும். அவரைப் புதைச்சது வேற இடத்துல. சரியா எந்தக் குழின்னு தெரியாமலே போச்சு. அவருக்கு ஒரு பக்கம் பீத்தோவன், ஒரு பக்கம் ஷூபர்ட். கொஞ்சம் தள்ளி பிராம்ஸ், வால்ட்ஸ் மன்னர் ஸ்ட்ராஸ். பீத்தோவன் 1827-ல் இறந்தப்ப, அவரோட இறுதி ஊர்வலத்துல பந்தம் பிடிச்சு நடந்தவங்கள்ல ஷூபர்ட்டும் ஒருத்தர். அடுத்த வருஷமே அவரும் போயிட்டார். பக்கத்துலயே புதைச்சாங்க. 1888-ல் ரெண்டு பேரையும் இங்கே மாத்தினப்பவும் பிரிக்கலை.

அக்கா ஸ்ட்ராஸை போட்டோ எடுக்க நகர்ந்தாங்க. ஷூபர்ட் முன்னாடி நாங்க ரெண்டு பேர் மட்டும்.

'ஏன்டா நேத்து பஸ்ல ஒண்ணும் சொல்லலை?'ன்னு கேட்டேன்.

'என்ன சொல்லணும்?'

'அது நான்னு.'

'நீ சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லலை. சரி, விட்டுட்டேன்.' கொஞ்ச நேரம் கழிச்சு அவனே தொடர்ந்தான். 'எனக்கு இது கடைசி டூர்டா. ஆகஸ்ட்ல பிளேஸ்மென்ட் ஆரம்பிக்குது. வேலை கிடைச்சா வியோலா பரண்ல. அப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் கிளம்பினேன். உனக்கு அடுத்த வருஷம் ஆடிஷன் இருக்கு. கெட்ட பேர் யாருக்கு இருந்தா நஷ்டம் கம்மின்னு பார்த்தா, எனக்குத்தானே?'

இன்ஜினீயர் கணக்கு. எனக்கு அதுல தப்பு கண்டுபிடிக்கத் தெரியலை. ஆனா, நாலு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சவன், தன் கடைசி டூர்ல கொண்டுபோகப் போற பேர் 'சைலன்ஸர்'. அதுவும் என்னோட பேர்!

ஆபரா வாசல்

சாயங்காலம் திரும்பவும் ஆபரா. 1945 மார்ச்ல குண்டு விழுந்து எரிஞ்சு, திரும்பக் கட்டி 1955-ல் திறந்த கட்டடம். வசந்த காலத்துலயும் செப்டம்பர்லயும் பல நாட்கள், உள்ளே நடக்கிறதை வெளிச் சுவர்ல பெரிய ஸ்கிரீன்ல நேரடியாக் காட்டறாங்க. நாற்காலி போட்டிருக்கும். ஃப்ரீ! அன்னிக்கும் இருந்தது. பக்கத்துல பாட்டிம்மாக்கள் போர்வையும் சிப்ஸுமா செட்டிலாயிருந்தாங்க. தெருவில டிராம் மணி அடிச்சுட்டுப் போகும், யாரும் கண்டுக்கலை.

இடைவேளையில அக்காகிட்ட சொல்லிட்டேன். ரெண்டே வாக்கியம். சொல்லி முடிச்சதும் வயிறு லேசாச்சு. அக்கா முகம் லேசாகலை.

'நேத்து பஸ்லயே சொல்லியிருக்கணும். தப்பு வாசிச்சது பெரிய விஷயமில்லை. அவனைச் சிரிக்க விட்டியே, அதுதான்.'

அப்புறம் ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்டாங்க. ஆறுதல் கீறுதல் எதுவும் இல்லை. மிச்ச ஆபரா என்ன கதைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

ராத்திரி ஹாஸ்டல்ல சார்கிட்டயும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. கடைசியில, 'ரெஸ்ட்டும் நோட்ஸ்தான்பா. அதையும் எண்ணி வாசிக்கணும்'னு மட்டும் சொன்னார். மறுநாள் காலையில பஸ் கிளம்பினதும் நானே எழுந்து, மைக்கை வாங்கி, எல்லார் முன்னாடியும் சொன்னேன். ஒரு செகண்ட் நிசப்தம். அப்புறம் டிரம்பெட் பசங்க போட்ட கூச்சல் இருக்கே... பஸ்ஸுக்கு சைலன்ஸரே கழண்டு விழுந்த மாதிரி!

பிராட்டிஸ்லாவா, ஸ்லோவாக்கியாவின் தலைநகரம், வியன்னாவிலிருந்து 60 கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்துல போயாச்சு. ராத்திரி அதே ஷூபர்ட். செல்லோ உருகிச்சு, வயலின் வாங்கிச்சு, பாதியில நின்னுது. ஒண்ணு... ரெண்டு... மூணு. பார்ட்னரும் எண்ணினான், உதடு அசைஞ்சதை ஓரக்கண்ணால பார்த்தேன். அந்த பார்ல எங்க டெஸ்க்லேர்ந்து ஒரு சத்தமும் வரலை. இடி இறங்கிச்சு. அவன் பக்கத்தைப் புரட்டினான்.

இப்ப அவன் வேலையில இருக்கான். வியோலா பரண்ல. போன்ல கூப்பிட்டா இன்னும் 'சொல்லுடா சைலன்ஸர்'னுதான் ஆரம்பிப்பான்!

போறவங்களுக்கு நாலு வார்த்தை

* தண்ணி பாட்டில் காசு கொடுத்து வாங்காதீங்க. குழாயில வர்றது ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி. 1873-லேர்ந்து மலையிலிருந்து ஊருக்குத் தன் எடையிலேயே சரிவுல இறங்கி வருது. சிவில் மக்கள் கும்பிட்டுட்டுக் குடிக்கவும்.

* காபி ஹவுஸ்ல ஒரே ஒரு மெலாஞ்ச் காபி வாங்கிட்டு மணிக்கணக்கா உட்காரலாம். யாரும் எழுப்ப மாட்டாங்க. கூடவே ஒரு கிளாஸ் தண்ணியும் வரும்.

* ஆபராவுக்கு உள்ளேயே போகணுமா? நின்னு பார்க்கிற டிக்கெட் இருக்கு. முன்னாடியெல்லாம் கம்பியில ஒரு துண்டைக் கட்டிட்டா அது உங்க இடம்னு ஒரு வழக்கம் இருந்தது. நம்ம ஊர் பஸ்ல கர்ச்சீஃப் போடற அதே டெக்னிக்!

* தப்பா வாசிச்சா, அன்னிக்கு ராத்திரி பஸ்லயே சொல்லிடுங்க. ஊர் சுத்திப் பார்க்க ஒரு முழு லீவு நாள் மிச்சமாகும்.